பன்னிரண்டு போலி ஐபேட்கள்

"இந்தக் காணொளியை உங்கள் கணினியில் பார்க்க இயலாது. தயவுசெய்து புதிய கணினிக்கு மாறவும்."

மாறவும். ஏதோ சட்டை மாற்றுவது மாதிரி. இந்த வாக்கியத்தை எழுதியவனுக்கு ஒரு வேலை இருந்திருக்கும், ஒரு மேசை இருந்திருக்கும், மேசைமேல் இரண்டு புதுக் கணினிகள் இருந்திருக்கும். என் அம்மாவுக்கு இருந்தது மார்லோ கவுண்டி நூலகத்தின் கிழக்குக் கிளையில் ஏழாம் எண் மேசை. அதன்மேல் பதினோரு வயதான ஒரு கணினி. அதுவும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும்தான் அவளுடையது.

அம்மாவின் பெயர் ரோண்டா ஹுடாக். வயது நாற்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. பதினோராம் வகுப்பில் என்னை வயிற்றில் சுமந்துகொண்டு பள்ளியை விட்டு வந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். கணினி அறிவியலில் பட்டம் வாங்கிவிட்டு, அதே கிழக்குக் கிளையின் கணினி அறையில் பகுதிநேர உதவியாளராக, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தேன். ஓஹையோவில் 2011இல் பட்டத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

முதியோர் இல்லத்தில் ஜூலையில் ஒரு நர்ஸ் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. பள்ளி முடிப்புத் தேர்வில் தேறிய சான்று காட்டினால் அது அம்மாவுக்கு. தேர்வு ஜூன் பதினொன்று. பாடங்களைக் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், கல்வித் தளத்தில் காணொளிகளாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் இலவசம். ஓடினால் இலவசம்.

"அடியே படிச்சவளே, இங்க வா. இந்தப் பொட்டி என்னை வெளிய போங்குது."

"உன்னை இல்லம்மா. தன்னைத்தான் வெளிய போடச் சொல்லுது."

"யாரைச் சொன்னா என்ன, பாடம் ஓடல."

ஓடாது. எங்கள் ஊர்ச் செய்தித்தாள் மூடப்பட்டபோது, பக்கம் வடிவமைக்கும் பிரிவில் இருந்த பன்னிரண்டு கணினிகளை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாடுபோல் உழைக்கிற இயந்திரங்கள்தான். ஆனால் அவற்றுக்குள் இருந்த சில்லு, அந்த சிப், வழக்கொழிந்துவிட்டது. காணொளி ஓட வேண்டுமென்றால் பிரவுசருக்குள் பிளக்-இன் என்கிற ஒரு துணை நிரல் வேண்டும். அதை வைத்திருந்த கம்பெனி, பழைய சில்லுக்குப் புதிய பிளக்-இன் செய்வதை நிறுத்திவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினால் நாங்களாவது செய்துகொள்வோம். காட்டவும் மாட்டார்கள். பூட்டு செய்தவனே சாவியையும் விழுங்கிவிட்டால் வீட்டுக்காரன் திண்டாட வேண்டியதுதான்.

அந்த வாரம் நான் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தில், புறநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பா ஐபேடை மடியில் வைத்து அதே கல்வித் தளத்தை மேய்ந்துகொண்டிருந்தார். காணொளி ஓடியது. நான் குழந்தைகளை விட்டுவிட்டு அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தேன். ஐபேடில் அந்தப் பிளக்-இன் கிடையவே கிடையாது. அது எனக்குத் தெரியும், உலகத்துக்கே தெரியும். பிறகு எப்படி?

அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தின் நிரலை வரிவரியாகப் படித்தேன். தளத்தில் இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் பிளக்-இன் கேட்கிற பெரிய வாசல். ஐபேட்காரர்களுக்கு மட்டும், எந்தப் பிளக்-இன்னும் கேட்காமல் வெறும் காணொளிக் கோப்பை எடுத்து நீட்டுகிற பின்வாசல். எந்தப் பிரவுசரும் உள்ளே நுழையும்போது தான் யார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் நுழையும். தளம் அந்த வரியைப் பார்த்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுக்கிறது. சொல்வது உண்மையா என்று சோதிக்க அங்கே ஆளில்லை.

பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஏழாம் எண் கணினி, "நான் ஐபேட்" என்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனது. கோப்பு வந்தது. அதை இலவசமாகக் கிடைக்கிற ஒரு பழைய காணொளி நிரலிடம் தள்ளிவிட்டேன். படம் சின்னது, அவ்வப்போது திக்கியது, ஆனால் ஓடியது.

"என்னடி பண்ணே?"

"இது தன்னை ஐபேட்னு சொல்லிக்குதும்மா."

அம்மா அந்தப் பழைய கணினியை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஐபேட்னா நான் கல்லூரி அழகிடி."

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க. அது சொன்னா நம்புறாங்க."

இரண்டு மேசை தள்ளி லாரி ஓட்டுநர் டுவெய்ன் போகன் உட்கார்ந்திருந்தார். முதுகு போனபின் லாரியை விட்டவர், அதே தேர்வுக்குப் படிக்கிறவர். ஒரு வாரமாகத் தினமும் "மாறவும்" என்ற வாக்கியத்தோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

"டெஸ்ஸு, என் பொட்டிக்கும் கொஞ்சம் பொய் சொல்லிக்குடு கண்ணு. அது ரொம்ப நேர்மையா இருந்து என் பொழப்பைக் கெடுக்குது."

மார்ச் முடிவதற்குள் பன்னிரண்டு கணினிகளும் பொய் பேசின. அறை நிரம்பி வழிந்தது. அம்மாவுடன் துணி துவைக்கிற இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, ஜோலீன், தன் தங்கையையும் கூட்டி வந்தாள். பின்னங்களைப் பெருக்குகிற பாடத்தை அம்மா ஒன்பது முறை பார்த்தாள். பத்தாவது முறை திரையில் இருந்த வாத்தியாரிடமே, "புரிஞ்சுதுய்யா, ஏன் கத்துற?" என்றாள். அவர் கத்தவே இல்லை.

நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு.

ஏப்ரல் கடைசியில் நூலக இயக்குநர் கிரெய்க் ஆல்டர்மன் எங்கள் கிளைக்கு வந்தார். தலைமை நூலகத்திலிருந்து பதினைந்து நிமிட தூரம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். கையில் வண்ண அச்சிட்ட அறிக்கை. கவுண்டி வாடகைக்கு அமர்த்திய ஆலோசகர் ஒருவர் எழுதியது.

"டெஸ், உங்களுக்கு நல்ல செய்தி. கிழக்குப் பக்கம் எவ்வளவு முன்னேறிடுச்சுன்னு எங்களுக்கே தெரியல."

அறிக்கையில் ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். வட்டம் முழுக்கப் பச்சை, ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் சாம்பல். கிழக்குக் கிளையின் இணைப்பில் பாடக் காணொளி பார்க்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் சொந்த ஐபேட் வைத்திருக்கிறார்களாம். கவுண்டியிலேயே இதுதான் அதிகமாம். கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி வீடு கட்டியிருப்பவர்களுடைய கிளைகூட எங்களுக்கு அடுத்துதானாம். நான் ஜன்னல் வழியாக எங்கள் தெருவைப் பார்த்தேன். எதிர்வரிசையில் ஏழு வீட்டில் மூன்றுக்கு ஜன்னலில் கண்ணாடி இல்லை, பலகை அடித்திருந்தது.

"அதனால," என்றார் கிரெய்க், "இந்தக் கணினி அறை தேவைப்படல. மே கடைசியில மூடிட்டு, அமைதியா உக்காந்து படிக்கிற இடமா மாத்துறோம். நல்ல சோஃபா போடலாம். அவங்கவங்க ஐபேடோட வந்து உக்காரட்டும். மே பத்தாம் தேதி நூலக வாரியக் கூட்டத்துல ஓட்டெடுப்பு."

பச்சை வட்டம் முழுக்க நான். நானும் அந்தப் பன்னிரண்டு பொய்யும்.

அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் வேலைக்காகவில்லை. உண்மையைச் சொன்னால், காணொளிகூட ஓடாத ஓட்டைக் கணினிகள், அறையை மூடு. பொய்யையே தொடர்ந்தால், எல்லோரிடமும் ஐபேட், அறையை மூடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சோஃபா.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் கோல்ஃப்காரர்களைவிடப் பணக்காரர்கள் என்பதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு கத்தியை வைத்துவிட்டாள்.

"அப்ப என் பரீட்சை?"

"மே முப்பத்தொண்ணோட அறை போயிடும்."

"பதினோரு நாள் முன்னாடி. அல்ஜீப்ரா இன்னும் தொடவே இல்லடி." முகம் சிவந்துவிட்டது. "உன்னைப் படிக்கவெச்சவ நானு. என்னைப் படிக்கவிடாமப் பண்றவ நீ. நல்லா இருக்கு நியாயம்."

அவள் இன்னும் இரண்டு கிழங்கு உரித்தாள். அப்புறம், கிழங்கிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அந்தப் பின்வாசல்ல நிக்கிறானே, அவன் என்ன கேப்பான்?"

"ஆளு யாரும் இல்லம்மா. நிரல். வர்ற வரியில ஐபேட்ங்கிற சொல் இருக்கான்னு தேடும். இருந்தா விட்டுடும்."

"அந்த ஒரு சொல்லு மட்டுமா? முன்ன பின்ன என்ன இருந்தாலும் பாக்காதா?"

"பாக்காது."

"அப்ப, 'நான் ஐபேட் இல்ல'ன்னு சொன்னா?"

நான் அவளையே பார்த்தேன். நான்கு வருஷம் கல்லூரியில் படித்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கிளையைத் திறந்ததும் முதல் வேலையாக ஏழாம் எண் கணினியின் வரியை மாற்றினேன்: "நான் ஐபேட் இல்லை." பாடத்தைத் திறந்தேன். ஓடியது. வாயிற்காப்போன் தனக்கு வேண்டிய சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, மிச்சத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கதவைத் திறந்துவிட்டான். இந்த மாதிரி ஆட்களை நான் நிறைய அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த வரி போய்ச் சேருகிற இடம். மாத முடிவில் கவுண்டியின் சர்வர் தானாகவே ஒரு அறிக்கை அச்சிடும். முதல் பக்கத்தில், ஆலோசகர் எடுத்துப் போட்ட அந்த வட்டம்; அதுவும் வரியில் ஐபேட் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத்தான் எண்ணும். பின்னால் இணைப்பு: வந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிச் சொன்ன வரி, எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையோடு. இணைப்பை யாரும் படிப்பதில்லை. வில்மா ஸ்ட்ராட்டனைத் தவிர.

வில்மா வாரிய உறுப்பினர்களில் ஒருவர். முப்பத்தைந்து வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். வாய்விட்டு வாசிக்காதது எதுவும் பதிவில் ஏறாது என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைக்கு வந்த காகிதம் முழுவதையும் இயக்குநர் எழுந்து நின்று வாசித்தாக வேண்டும், அடிக்குறிப்பு உட்பட. கூட்டம் ஒன்பது மணி வரை இழுப்பதற்கு அவர்தான் காரணம். வாரியத்தில் மற்ற ஆறு பேருக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. நான்கூடப் போன வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன்.

அன்று மாலை அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். என் தப்பு என்பதையும் சொன்னேன்.

டுவெய்ன் தலையைச் சொறிந்தார். "அப்ப நாங்க என்ன வேணா எழுதலாமா?"

"ஐபேட்ங்கிற சொல் எங்கயாவது இருக்கணும். கெட்ட வார்த்தை வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு?"

"வேண்டாம் டுவெய்ன்."

"சின்னதா?"

"டேய், நீ எழுதறதே கெட்ட வார்த்தை மாதிரிதான் இருக்கும், எழுது" என்றாள் ஜோலீன்.

ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு வரி. சிலர் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். ஜோலீனின் தங்கை மட்டும் கட்டுரைப் பாடத்தில்கூட இவ்வளவு அடித்துத் திருத்தி எழுதியிருக்க மாட்டாள். என் அம்மா கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தபோது, "பரீட்சையில காப்பி அடிக்கிறியா?" என்று விரட்டினாள். நான்தான் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோய்விட்டது.

வாரியக் கூட்டத்துக்கென்று தனியாக ஒரு அறிக்கை, மே எட்டாம் தேதி வரைக்குமான எண்ணிக்கையோடு அச்சானது. அந்தப் பத்து நாளும் பன்னிரண்டு கணினிகளும் ஓயவில்லை.

பத்தாம் தேதி, செவ்வாய், மாலை ஆறு மணி. தலைமை நூலகத்தின் கூட்ட அறையில் மடக்கு நாற்காலிகள். வழக்கமாகப் பொதுமக்கள் வரிசையில் மூன்று பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் தூங்குவார். அன்று இருபத்தாறு பேர். கிரெய்க் எங்களைப் பார்த்து மகிழ்ச்சியாகக் கையசைத்தார்.

திரையில் வட்டத்தைப் போட்டார். இப்போது தொண்ணூற்றெட்டு. சோஃபாவின் படம் ஒன்றும் காட்டினார். வாரியத் தலைவர் சுத்தியலை எடுத்து, "அப்ப ஓட்டெடுப்புக்குப் போயிடலாமா?" என்றார்.

"இணைப்பு வாசிக்கல" என்றார் வில்மா.

ஆறு பேர் பெருமூச்சு விட்டார்கள்.

"வில்மா, அது வெறும் கருவிப் பட்டியல்" என்றார் கிரெய்க்.

"மேசைக்கு வந்துருச்சுல்ல? வாசிங்க, மிஸ்டர் ஆல்டர்மன்."

கிரெய்க் காகிதத்தைப் புரட்டினார். முன்னால் படித்துப் பார்க்கவில்லை, அது தெரிந்தது. மற்ற கிளைகளின் வரிகளைத் தூக்கக் குரலில் வாசித்துக்கொண்டே வந்தார். பிறகு கிழக்குக் கிளை.

"நான் ஐபேட் இல்லை. எனக்கு வயது பதினொன்று. இருநூற்றுப் பதினாலு முறை." குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் அதே ஓட்டத்தில் அடுத்த வரிக்குப் போய்விட்டார். "ஐபேட் வாங்க வக்கிருந்தா நான் ஏன் இங்க வந்து இந்த நாற்காலியில முதுகை உடைச்சுக்கறேன். நூற்றுத் தொண்ணூறு..."

பின்வரிசையில் டுவெய்ன் இருமினார். கிரெய்க் நிறுத்தினார்.

"இதுல ஏதோ தொழில்நுட்பக் கோளாறு..."

"கொஞ்சம் மெதுவா," என்றார் வில்மா. பேனாவை எடுத்துவிட்டிருந்தார். "அந்தக் கடைசி வரிய திரும்பச் சொல்லுங்க. 'முதுகை உடைச்சுக்கறேன்', அதுக்கப்புறம் முற்றுப்புள்ளியா, கேள்விக்குறியா?"

"...முற்றுப்புள்ளி."

"ம். மேல."

"இது ஐபேட் என்றால் எங்கள் வேன் ஒரு விமானம். நூற்றறுபத்திரண்டு முறை." யாரோ சிரித்துவிட்டார்கள். "ஐபேடைத் தொட்டது கடையில் மட்டும்தான், அதையும் காவலாளி பிடுங்கிவிட்டான். நூற்றெழுபது. ஆலோசகர் ஐயா, ஐபேட் எது, அடுப்பு எது என்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே, காபி தருகிறோம். நூற்று..." கிரெய்க் காகிதத்தைக் கீழே வைத்தார். "இதை நான் வாசிக்க விரும்பல."

"ஏழு பாக்கி இருக்கு" என்றார் வில்மா.

ஏழும் வாசித்தார். ஏழாம் எண் கணினியின் வரி கடைசியில் வந்தது: "ஐபேடுக்கு மட்டும் பாடம் சொல்லித் தருவீர்கள் என்று தெரிந்ததால் பொய் சொன்னேன். ஜூன் பதினொன்று வரை என்னை மூடாதீர்கள். இருநூற்றறுபது முறை." அதை வாசிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. கிரெய்க்கும் வேகமாக வாசிக்கவில்லை.

வாரியத் தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "இதை யார் செஞ்சது?"

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், உட்காரச் சொல்லி. நான் எழுந்து நின்றேன்.

"நான்தான். ஆனா மொதல்ல சொன்னது மட்டும்தான் பொய். அதை உடனே நம்பிட்டீங்க. இப்பச் சொன்னது உண்மை. இதுக்குத்தான் யாரு, எதுக்குன்னு கேக்குறீங்க."

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். என்னைத் தள்ளிவிட்டு அம்மா மைக்குக்குப் போனாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், சலவைப்பொடி வாசனையோடு.

"நான் ரோண்டா ஹுடாக். ஏழாம் நம்பர். உங்க சோஃபா நல்லாத்தான் இருக்கு. அதுல உக்காந்து நான் எதைப் பாக்குறது, என் கையையா? என்கிட்ட ஐபேட் இல்ல. என்கிட்ட இருக்கிற போன்ல பாம்பு விளையாட்டு மட்டும்தான் ஓடும். கழித்தல் கணக்குல இருந்து பின்னம் வரைக்கும் அந்த ஓட்டைப் பொட்டிதான் சொல்லிக்குடுத்துச்சு. அது பழசு, சரி. நானும் பழசுதான். என்னையும் தூக்கிப் போட்டுட்டு சோஃபா போடுங்களேன்." கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. யாராவது வேணும்னா எடுத்துக்கோங்க."

டுவெய்ன் எடுத்துக்கொண்டார். அவர் பேசியதில் ஒரு பகுதியை வில்மா பதிவில் வெறும் கோடு போட்டு மறைத்துவிட்டார்.

மூன்றுக்கு நான்கு. அறை மூடப்படாது, டிசம்பர் வரைக்கும். அதற்குள் ஆலோசகர் கிளைக்கு நேரில் வந்து, கண்ணால் பார்த்து, விரலால் எண்ணி, புது அறிக்கை தர வேண்டும். நான்காவது ஓட்டுப் போட்டவர், அந்தச் சோஃபா கடை தன் மைத்துனருடையது என்பதால் விலகிக்கொள்வதா எதிர்த்துப் போடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உண்மையா என்று தெரியாது. பதிவில் இல்லை.

வியாழக்கிழமை கிரெய்க் என்னைக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார். பொதுக் கணினிகளைக் கொண்டு தவறான தகவல் அனுப்பியதற்காக.

"எந்தத் தகவல்?" என்றேன். "ஐபேட்னு சொன்னதா, ஐபேட் இல்லன்னு சொன்னதா?"

அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். "ரெண்டும்னு வெச்சுக்குவோமே" என்று கடிதத்தில் இரண்டையும் எழுதிச் சேர்த்தார்.

"ஒரே கணினி ரெண்டுமா இருக்க முடியாது. ஒண்ணை அடிங்க."

"டெஸ், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. எனக்கு உடம்பு சரியில்ல."

இரண்டாவதை நானே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கண்ணெதிரே இருக்கும்போது பத்துப் பைசாப் பெறாத காணொளிக்கு ஒரு பூட்டும், அந்தப் பூட்டுக்கு ஒரு கணக்கெடுப்பும், அந்தக் கணக்கெடுப்புக்கு ஒரு ஆலோசகரும் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தவறான தகவல் அனுப்பியது நானாம்.

ஜூன் கடைசியில், வேலை நேரத்தில், கிளையின் தொலைபேசி அடித்தது. அம்மா. சொந்த அழைப்பு கூடாது என்பதால் நான் புத்தகம் தேடித் தருகிற குரலில் பேசினேன்.

"கிழக்குக் கிளை, சொல்லுங்க."

"பாஸுடி."

"கணக்கு?"

"அதுலயும்தான். என்ன அப்படிக் கேக்குற, நான் முட்டாளா?" பின்னால் துவைக்கும் இயந்திரங்கள் இரைந்தன. அவள் மூக்கை உறிஞ்சினாள். "அழல. சலவைப்பொடி. கேளு, அந்த ஏழாம் நம்பரை வேற யாருக்கும் குடுத்துடாத."

"எதுக்கும்மா? அதான் பாஸாயிட்டியே."

"நர்ஸ் உதவியாளர் வேலைக்குப் பயிற்சின்னு ஒண்ணு இருக்காம், எழுபத்தஞ்சு மணி நேரம். பாதி காணொளிதானாம். இது கவுண்டி இல்ல, மாநிலத்தோட தளம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஆறு மணிக்கு வரேன். அதுக்குள்ள, அங்க என்ன பொய் சொன்னா உள்ள விடுவான்னு பாத்து வை."